ஒரே போன் உள்ள வீட்டில் பிள்ளை படிப்பது எப்படி: பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"டீச்சர், போன குடுக்கறதா, புடுங்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து இப்படிக் கேட்டார். பூக்கட்டி விற்கிற குடும்பம். மகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படிக்கிறாள். வீட்டில் ஒரே போன்தான். அதுவும் காலையில் அப்பாவோடு லோடு ஆட்டோவில் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் திரும்பும். அன்று அவசரத்தில் ஏதோ பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவர்கள் வீட்டிலும், என் வகுப்பின் மற்ற வீடுகளிலும், பள்ளியிலும் செய்து பார்த்ததை வைத்து முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இதில் சொல்வதெல்லாம் எங்களைப் போன்ற பள்ளிகளையும் வீடுகளையும் மனதில் வைத்துத்தான். ஆளுக்கொரு கணினி இருக்கிற வீட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. 2019இல் கல்வி தொலைக்காட்சி. 2020 மார்ச்சில் பள்ளியே மூடப்பட்டு பாடம் வாட்ஸ்அப்புக்குப் போனது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வகுப்பறையில் உட்கார 2021 நவம்பர் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டே, 2022 நவம்பரில், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி சாட்ஜிபிடி வந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று மாறினால் எந்த அம்மா அப்பாவால் பின்னாலேயே ஓட முடியும்? ஒவ்வொரு செயலியையும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. எந்தக் கருவி வந்தாலும் வீட்டில் மாறாமல் இருக்க வேண்டிய இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலில் தாள், அப்புறம் திரை. படித்ததை வாய்விட்டு இன்னொருவரிடம் சொல்லிக் காட்டுவது. மற்ற படிகளெல்லாம் இந்த இரண்டுக்கும் இடம் பண்ணிக் கொடுப்பதற்காகத்தான்.

படி 1: வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டின் பின்பக்கம் போதும். எத்தனை போன், யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா, அதில் மாலையில் எவ்வளவு மிஞ்சும், எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும். இத்தனையும் எழுதுங்கள். பிள்ளையே எழுதட்டும்.

பூக்கட்டும் அம்மா வீட்டில் எழுதியபோது தெரிந்தது இதுதான். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை ஒரு மணி நேரம் போன் வீட்டில் இருக்கிறது. அதில் அப்பா அரை மணி நேரம் பார்ப்பார். மகளுக்குக் கிடைப்பது அரை மணி. அதுவரை எட்டு மணிக்கே புத்தகத்தை மூடிவிட்டு, போன் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள். அரை மணிதான் என்று தெரிந்ததும், போனில் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சீட்டு எழுதி வைக்கத் தொடங்கினாள். பாடநூல் கியூஆர் குறியீட்டின் வழியாக திக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் திறக்கும் பல காணொளிகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டக் காணொளிகள் தமிழிலேயே இருக்கின்றன. டேட்டா மிச்சமிருக்கும் இரவில் இறக்கி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டிலிருக்கும்போது, சிக்னல் இல்லாமலும் பார்க்கலாம்.

போன் இல்லவே இல்லாத வீடாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் வீட்டில் போன் இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி.

படி 2: போனைப் பிள்ளைக்கு ஏற்றபடி வையுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். தெரிந்த அண்ணன் அக்கா யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றுதான் அதிகம் உதவியது. ஒளிச்சேர்க்கை பார்க்க உட்கார்ந்த பிள்ளை அரை மணி கழித்து கிரிக்கெட்டில் இருப்பதற்குப் பிள்ளையின் குணம் காரணமில்லை. அந்தத் தானியங்கி ஓட்டம்தான் காரணம். படிக்கும் நேரத்தில் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். பணம் அனுப்பும் செயலிகளுக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். யூபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. "எம் பையன்தான் எனக்கு எல்லாம் போட்டுக் குடுப்பான்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில்தான் பிற்பாடு சிக்கல் வருகிறது. பிள்ளையின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஃபேமிலி லிங்க் மாதிரியான செயலிகளும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதைப் போட்டால் படிப்பதைவிட அதை எப்படித் தாண்டுவது என்பதில்தான் அவன் மூளை ஓடும். அந்த வயதில் பூட்டு போடுவதைவிடப் பேசுவதுதான் வேலைக்கு ஆகும்.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளை பார்ப்பது என்ன என்று உங்களாலும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும்.

படி 3: முதலில் தாள், அப்புறம் திரை

எந்த வீட்டுப்பாடமாக இருந்தாலும் முதல் 15 நிமிடம் நோட்டும் பேனாவும் மட்டும். தெரிகிற வரை போட வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். 15 நிமிடம் முட்டி மோதிய பிறகுதான் திரை.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், விடையை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். காணொளியில் ஒருவர் அழகாகப் போட்டுக் காட்டும்போது "ஓ, இவ்வளவுதானா" என்று தோன்றும். மறுநாள் கரும்பலகை முன்னால் நிற்க வைத்தால் முதல் வரியே வராது. தானே முயன்று ஓரிடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு, எங்கே மாட்டினோம் என்று தெரியும். அப்புறம் காணொளியில் அந்த இடம் வரும்போது காது தானாகக் கூர்மையாகும்.

ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன். "ஒரு செவ்வகத் தோட்டத்தின் சுற்றளவு 36 மீட்டர். நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம். பரப்பளவு என்ன?" அந்தப் பெண் நோட்டில் நீளம் 20, அகலம் 16, பரப்பளவு 320 என்று போட்டிருந்தாள். 20க்கும் 16க்கும் வித்தியாசம் 4, கூட்டினால் 36. எல்லாம் சரியாக வருவது போலத்தான் இருக்கிறது. விடை மட்டும் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் போனில் கணக்கைப் படமெடுத்துப் போட்டால் ஒரு நொடியில் 77 சதுர மீட்டர் என்று முழுப் படிகளோடு வந்துவிடும். அதைப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது, ஆனால் கற்றது ஒன்றுமில்லை. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது வேறு. அப்பாவின் போனில், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அவள் தட்டியது இது:

"நான் ஒன்பதாம் வகுப்பு. இந்தக் கணக்கை இப்படிப் போட்டேன். விடையைச் சொல்லாதே. எந்த வரியில் தவறினேன் என்று மட்டும் ஒரு கேள்வியாகக் கேள்."

வந்த பதில்: "சுற்றளவு என்று சொல்லும்போது எத்தனை பக்கங்களைக் கூட்ட வேண்டும்?"

அவள் நோட்டின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றியிருக்கிறாள். மேலே ஒரு நீளம், பக்கத்தில் ஓர் அகலம், கீழே ஒரு நீளம், மறுபக்கம் ஓர் அகலம். நான்கு பக்கம். தான் கூட்டியது இரண்டு. உடனே 36ஐப் பாதியாக்கி 18 என்று எழுதி, 11 என்றும் 7 என்றும் பிரித்து, 77 போட்டுவிட்டாள். மறுநாள் என்னிடம் காட்டும்போதும் அதே போல நோட்டைச் சுற்றி விரலை ஓட்டித்தான் காட்டினாள். பரீட்சையில் அந்தத் தவறு இனி அவளுக்கு வராது.

"விடையைச் சொல்லாதே" என்ற இரண்டு சொற்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 4: சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்

இது அம்மாக்களுக்கானது. பள்ளிக்கே போகாத அம்மாவானாலும் சரி.

"எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். மூன்றே கேள்விகள். "என்ன கேட்டிருக்காங்க? நீ என்ன பண்ண? ஏன் அப்படிப் பண்ண?" கை வேலையை நிறுத்தக்கூட வேண்டியதில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பார்த்து எழுதிய பிள்ளை "ஏன்" என்றதும் நின்றுவிடும், அல்லது "அது அப்படித்தாம்மா" என்று எரிந்து விழும். அங்கே திட்டாதீர்கள். அந்தக் கணக்கின் பக்கத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான். வட்டம் போட்ட இடங்களை மறுநாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். நோட்டைத் திறந்ததும் என் கண் முதலில் வட்டங்களைத்தான் தேடுகிறது. முன்பெல்லாம் 38 நோட்டு திருத்தி முடித்தாலும் யாருக்கு எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாது. எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி சரியான விடை இருக்கும். இப்போது தெரிகிறது.

அந்த வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் அறிவியலில் ஆவியாதல் பாடத்தைச் சொல்லிக் காட்டுகிறாள். அம்மா மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே கேட்கிறார். வெயிலில் சூடு ஏறினால் தண்ணீர் ஆவியாகும் என்று மகள் சொன்னதும், அம்மா நாரை முடிச்சுப் போட்டபடியே கேட்டிருக்கிறார்: "அப்ப மழை நாள்ல வீட்டுக்குள்ள கொடியில போட்ட துணி எப்படிடி காயுது? அங்க ஏது வெயிலு?"

மகளுக்குப் பதில் தெரியவில்லை. வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். அறிவியல் ஆசிரியர் அந்த ஒரு கேள்வியை வைத்தே முழுப் பாடவேளையும் எடுத்தார். கொதித்தல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நடக்கும், ஆவியாதல் எல்லா வெப்பநிலையிலும் நடக்கும், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் மெதுவாக நடக்கும். அதனால்தான் மழை நாளில் துணி காய்ந்தும் காயாமலும் ஒரு வாடை அடிக்கிறது. எந்தச் செயலியும் அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்காது. துணி துவைத்துக் காயப்போடுகிறவர்தான் கேட்க முடியும்.

பாட்டி தாத்தா இருக்கிற வீடு என்றால் அவர்களிடம் சொல்லிக் காட்டட்டும். தம்பி தங்கையிடம் சொன்னாலும் பலன் உண்டு. 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து மரக்காணம் பகுதியில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், தெருவிலேயே மாலை நேரத்தில் ஒன்றரை மணி. ஊரடங்கு முழுக்கத் திரையைப் பார்த்தும் எழுத்து மறந்துபோன பிள்ளைகள், தெரு முனையில் ஓர் அக்கா உட்கார்ந்து "நீ சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டதும் மீண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

படி 5: செயற்கை நுண்ணறிவை எப்போது, எப்படி

இதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். எட்டாம் வகுப்பு வரை பிள்ளை தனியாக அதனிடம் பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டியிருந்தால் பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து கேட்கலாம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். ஒளித்து வைத்தால் ஒளிந்து பயன்படுத்துவார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியதில் முதல் விஷயம், அது தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். ஒரு குறளைச் சொல்லி அதன் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சில நேரம் சரியாகச் சொல்லும். சில நேரம் வேறு எண்ணைச் சொல்லும். சங்கப் பாடல் கேட்டால் இல்லாத வரியைக்கூட எழுதித் தரும். இரண்டையும் ஒரே உறுதியான குரலில் சொல்வதுதான் ஆபத்து. வகுப்பில் நான் இதையே விளையாட்டாக வைத்தேன். செயலி சொன்ன பதிலைப் பலகையில் எழுதிப்போட்டு, பாடநூலை வைத்துத் தவறு கண்டுபிடிக்கச் சொன்னேன். இயந்திரத்தின் தவறைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்காகவே பாடநூலை வரி வரியாகப் படித்தார்கள்.

சரிபார்க்க எங்கே போவது? பாடநூல்தான் முதலில். அப்புறம் அகராதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் இலக்கிய நூல்கள் உரையோடு இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கும் மேல், விஷயம் தெரிந்த மனிதர்கள்.

அடுத்தது கட்டுரை. தமிழ் ஆசிரியர் ஒருமுறை "எங்கள் ஊர் ஏரி" என்று கட்டுரை எழுதி வரச் சொன்னார். நான்கு பிள்ளைகள் கொண்டுவந்த கட்டுரைகளில் தெளிந்த நீர், பூத்துக் குலுங்கும் அல்லி, சிறகடிக்கும் கொக்குகள். எழுத்துப் பிழையே இல்லை. எங்கள் ஊர் ஏரியில் பாதி சீமைக் கருவேலம், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அவர் திட்டவில்லை, மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஏரிக்கு எத்தனை மதகு? கடைசியாக ஏரி நிரம்பிக் கோடி போனது எப்போது? அன்று உங்கள் வீட்டில் யார் போய்ப் பார்த்தார்கள்?

பிள்ளைகள் ஏரிக்கரைக்குப் போனார்கள். வயதானவர்களிடம் கேட்டார்கள். ஒரு பையன் தன் தாத்தா சொன்னதைப் போனில் குரல் வழியாகவே தமிழில் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வந்தான். அப்புறம் தன் வார்த்தையில் எழுதினான். கடைசியாகத்தான் செயலியிடம் "ஒற்றுப்பிழை மட்டும் காட்டு, என் வாக்கியத்தை மாற்றாதே" என்று கேட்டான். அந்தக் கட்டுரையில் கோடி போன தண்ணீரில் கெளுத்தி மீன் பிடித்த கதை இருந்தது. அது அவனுடையது.

இன்னொரு விஷயம், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளையின் முழுப் பெயர், பள்ளிப் பெயர், புகைப்படம், ஆதார் எண், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் எண்) எதையும் எந்தச் செயலியிலும் போடக் கூடாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தகவலை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல், கொடுக்காமல் இருக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

படி 6: பள்ளி செய்ய வேண்டியது

சக ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன்.

போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வீட்டுப்பாடத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் கரும்பலகையில் இருக்க வேண்டும், பிள்ளையின் நோட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு நினைவூட்டலுக்கு மட்டும். இரவு ஒன்பது மணிக்கு "நாளை சார்ட் எடுத்து வரவும்" என்று செய்தி போட்டால், போன் வராத வீட்டுப் பிள்ளை மறுநாள் வெறுங்கையோடு வந்து நிற்கும். அதன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோருக்காக ஒரு நிமிடக் குரல் பதிவு போடுகிறோம்.

வீட்டுப்பாடக் கேள்வியையும் மாற்ற வேண்டும். செயலி எழுதித் தந்துவிடும் கேள்விக்குச் செயலிதான் எழுதும். "சதவீதம் என்றால் என்ன, ஐந்து எடுத்துக்காட்டு தருக" என்பதற்குப் பதிலாக, "உங்கள் தெருக் கடையில் அரை லிட்டர் எண்ணெய், ஒரு லிட்டர் எண்ணெய் விலை கேட்டு வாருங்கள், பெரியதாக வாங்கினால் எத்தனை சதவீதம் மிச்சம்" என்று கேட்கிறேன். அடித்த கோடுகளோடு முதல் பிரதியைக் காட்டுகிறவர்களுக்கு மதிப்பெண் உண்டு. அப்புறம் இரண்டு நிமிடம் வாய்வழியாகச் சொல்ல வேண்டும். 38 பேரையும் ஒரே நாளில் கேட்க முடியாது. நாளைக்கு நான்கு பேர், சீட்டுப் போட்டு எடுக்கிறேன். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் தயாராக வருகிறார்கள்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை மதிப்பீட்டுத் தேர்வுக்கும் பதிவேற்ற வேலைக்கும் மட்டும் வைத்துவிடாதீர்கள். எங்களிடம் 10 கணினி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஆய்வகத்தில், மறு பாதி நூலக வாசிப்பில். ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழி சொல்பவர். வழி சொல்பவர் மவுஸைத் தொடக் கூடாது, வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இது இல்லாவிட்டால் வீட்டில் கணினி இருக்கிற பிள்ளையே மவுஸைப் பிடித்துக்கொள்வான், பெரும்பாலும் பையன்கள்தான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

என்ன செய்ய வைப்பது? கணக்குப் பாடநூலின் இணையச் செயல்பாடு பகுதியில், வடிவங்களைத் திரையில் இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளுக்கான வேலைகள் தயாராகவே இருக்கின்றன. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையை விட்டு நகராததைத் தன் கையால் பார்க்கும் பிள்ளைக்குத் தேற்றம் மனப்பாடமாக வேண்டியதில்லை. அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இலிருந்து உருவாக்கிவரும் ஃபெட் உருவகங்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இருக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் போனாலும் ஓடும். மின்சுற்றை முதலில் பேட்டரியும் பல்பும் வைத்துக் கையால் செய்துவிட்டு, அப்புறம் திரைக்குப் போங்கள். இங்கேயும் அதே வரிசைதான்.

தமிழ்த் தட்டச்சுக்கு வாரம் 15 நிமிடம் ஒதுக்குங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் "அம்மா" வந்துவிடும், புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கும் பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தாக யோசிக்கிறது. ழ, ள, ல குழப்பம் அதில்தான் கூடுகிறது. தமிழ்99இல் அந்த எழுத்தை அந்த விரல்தான் தேட வேண்டும்.

ஆய்வக இணையம் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை, யுபிஎஸ் பழுது என்றால் பெற்றோரும் கேட்கலாம், கேட்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, தீர்மானமாக எழுத வையுங்கள். கல்வி தொடர்பான சந்தேகம், புகார், பிள்ளைக்கு மன அழுத்தம் எதுவானாலும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

படி 7: ஏதாவது தப்பு நடந்தால்

என் வகுப்புப் பையன் ஒருவன், விளையாட்டில் இலவசமாகப் பரிசு தருவதாக வந்த ஓர் இணைப்பைத் தட்டி, அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை. அடி விழும் என்ற பயம். அப்பாவே வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது. பணமோசடியில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்து அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

அதனால் போனைக் கையில் கொடுக்கும் அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு. சொன்னதுக்காக அடிக்க மாட்டேன், போனையும் புடுங்க மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். யாராவது படம் கேட்டு மிரட்டினால், அந்தச் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதே 1930 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்களைச் சுவரில், காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

படி 8: போன் தூங்கும் இடம்

இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு ஊட்டப் போனைக் காட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தப் பாருங்கள். நான்கைந்து நாள் அழுகை இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு மணிக்கணக்கைவிட இடக்கணக்கு உதவுகிறது. இரவு போன் தூங்குவதற்கு வீட்டில் ஓர் இடம் வையுங்கள். சமையலறை அலமாரி, பிரிட்ஜ் மேல், எங்கேயோ ஓரிடம். பாயில், தலையணைக்குப் பக்கத்தில் வேண்டாம். பெரியவர்களின் போனும் அங்கேயேதான். அப்பா போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையிடம் பேச ஒன்றும் இருக்காது.

படி 9: ஞாயிற்றுக்கிழமை அரை மணி

வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். இந்த வாரம் எத்தனை வட்டம்? அதில் எத்தனை தீர்ந்தது? அடுத்த வாரம் எந்தக் காணொளியை இறக்க வேண்டும்? மூன்றும் பேசினால் போதும்.

பூக்கட்டும் அம்மா அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு மறுபடி வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டி, "டீச்சர், ரெண்டு வாரமா வட்டமே வர மாட்டேங்குது. நல்லா படிக்கிறாளா, இல்ல மறைக்கிறாளா?" என்று கேட்டார்.

இரண்டுமே இருக்கலாம், தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றேன். பத்து நாளுக்கு முன் போட்ட பக்கத்தைத் திறந்து, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு கணக்கை வெறுந்தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள். போனைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு. வந்தால் படித்திருக்கிறாள். வராவிட்டால் அங்கே ஒரு வட்டம் போட்டு அனுப்புங்கள், திட்டாமல். அந்த வாரம் வியாழக்கிழமை நோட்டைத் திறந்தேன். செவ்வகக் கணக்கு மறுபடி போடப்பட்டிருந்தது, 77 என்று சரியாக. கீழே அடுத்த பக்கத்தில், விகிதமுறு எண்களில், கோணல்மாணலாக மூன்று வட்டம். அவை அவள் போட்டவை இல்லை. பூநார் கறை படிந்த அம்மாவின் விரல் தடம் தாளின் ஓரத்தில் இருந்தது.